அமெரிக்க விசா மனு: கவரை எந்த முகவரிக்கு அனுப்புவது?

கேள்வி: பந்தலூர் வட்டத்தில் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மா 1956-ல் இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1975-ல் தாயகம் திரும்பியோரோடு கப்பலில் வந்தவர். அப்பா இப்போது இல்லை. அண்ணன் இங்கே 1978-ல் பிறந்தவர், நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். அம்மாவையும், பிறகு என் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். ஊட்டியில் ஒரு ஏஜெண்ட், எல்லா ஒரிஜினலுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு போடும் சான்று முத்திரை) போட்டுச் சென்னை அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஐயாயிரம் முன்பணமும் அம்மாவின் சிலோன் பிறப்புச் சான்றையும் வாங்கிக்கொண்டார். அண்ணனின் நண்பர் போர்ட்ஸ்மத் என்ற ஊர் முகவரியைக் கொடுத்து, அங்கேதான் அனுப்ப வேண்டும் என்கிறார். அண்ணன் இணையத்தில் பார்த்தபோது டல்லஸ், எல்ஜின் என்று வருகிறது. அதிலும் ஒரே ஊருக்கு இரண்டு முகவரி. நான் இங்கிருந்து எதற்கு அனுப்புவது? ஸ்பீட் போஸ்ட் போதுமா, கூரியர் வேண்டுமா? அண்ணனின் பிறப்புச் சான்றில் பெயர் இல்லை, 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. அது பிரச்சினையாகுமா? என் மகளுக்கு ஒன்பது வயது.

பதில்:

சகோதரிக்கு,

முகவரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஊட்டிக்குப் போய் அந்த ஏஜெண்டிடமிருந்து அம்மாவின் பிறப்புச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பி வைக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கையில் வாங்குங்கள். உங்கள் வீட்டுக் காகிதங்களில் தொலைந்தால் மறுபடி எடுக்க மிகவும் சிரமமானது அதுதான். தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையையும் கிழிந்துபோன பழைய பாஸ்போர்ட்டையும் விட்டால் வேறு எதுவும் இருக்காது. தோட்டத்தில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்து, அந்தச் சான்றையும் கப்பலேறும்போது மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார்கள் என்றால் உங்கள் தாத்தாவோ பாட்டியோ நல்ல கெட்டிக்காரர்.

அப்போஸ்டில் தேவையே இல்லை. அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு இந்திய ஆவணங்களிலோ இலங்கை ஆவணங்களிலோ அதைக் கேட்பதில்லை. வேறு நாடுகளுக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களின் சான்றிதழ்களுக்கு அது தேவைப்படும். அந்தப் பழக்கத்தில் வருகிற எல்லோரிடமும் அதையே சொல்லிக் காசு வாங்குகிறார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம் கிடையாது. ரசீது தரவில்லை என்றாலும் ஜிபேயில் பணம் போன பதிவு இருந்தால் பிடி இருக்கிறது.

சரி, முகவரி. உங்களிடம் வந்திருக்கும் மூன்றில் சென்னைக்கு இந்த வேலையோடு சம்பந்தமே இல்லை. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க கான்சுலேட் சுற்றுலா, படிப்பு, வேலை போன்ற தற்காலிக விசாக்களைத்தான் பார்க்கிறது. நிரந்தரமாகக் குடியேறும் குடும்ப விசாவுக்கு நம் பக்கத்து ஆட்கள் மும்பைக்குத்தான் போக வேண்டும். டல்லஸ், எல்ஜின் சரியான இடங்கள்தான். ஆனால் அங்கே அனுப்ப வேண்டியவர் அண்ணன். போர்ட்ஸ்மத்தும் இருக்கிற இடம்தான். ஆனால் மனு அங்கே போய்ச் சேரவே பல மாதம் ஆகும், சேர்ந்த பிறகும் யாரும் தபாலில் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. ஆக, பந்தலூரிலிருந்து அமெரிக்க அரசின் எந்த அலுவலகத்துக்கும் நீங்கள் ஒரு கவர்கூட அனுப்பப் போவதில்லை. எந்த முகவரி என்று கேட்பதற்கு முன்னால், இப்போது யார் செய்ய வேண்டிய வேலை நடக்கிறது என்று பாருங்கள். முகவரி தானாகத் தெரிந்துவிடும்.

இப்போது நடப்பது அண்ணனின் வேலை. உறவினரை அழைக்கும் மனுவுக்கு ஐ-130 என்று பெயர். அதைப் போடுகிறவர் அமெரிக்கக் குடிமகன். அம்மா அதில் பயனாளி மட்டும்தான். அம்மா கையெழுத்துப் போடவோ கைநாட்டு வைக்கவோ அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. ஏஜெண்ட் நாலு தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், எதற்கு என்று கேட்டு அதையும் திரும்ப வாங்குங்கள். அண்ணன் வெறும் கிரீன் கார்டோடு இருந்திருந்தால் பெற்றோருக்கு மனுவே போட முடியாது. குடியுரிமை வாங்கிவிட்டதால், 21 வயதைத் தாண்டிய குடிமகனின் தாய் என்ற முறையில் அம்மாவுக்கு, ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்ற ஒதுக்கீட்டு வரிசை எதுவும் இல்லை. பரிசீலனைக்கு ஆகும் காலம்தான் காத்திருப்பு.

அண்ணனுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மனுவை இணையத்திலேயே போடச் சொல்லுங்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ்-ன் தளத்தில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, சான்றுகளை ஸ்கேன் செய்து ஏற்றி, கார்டில் கட்டணம் கட்டினால் முடிந்தது. 1.4.2024 முதல் இணையத்தில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். ஐம்பது டாலர் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்கட்டும், தவறான முகவரி என்ற பேச்சே இதில் எழாது. ரசீது எண்ணும் அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். நாட்டை விட்டு நாடு போன நம் ஆட்களுக்குக் கணினியில் ஏற்றுவதைவிடக் கையில் தொட்ட காகிதத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். அது எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த ஒரு வேலையில் காகிதம்தான் அதிகம் சறுக்குகிறது.

அப்படியும் அண்ணன் காகிதத்தில்தான் போடுவேன் என்றால், அந்த இரண்டு முகவரிக் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். டல்லஸ், எல்ஜின், ஃபீனிக்ஸ் என்று வருபவை 'லாக்பாக்ஸ்' எனப்படும் தபால் பெறும் மையங்கள். மனுவைப் படித்து முடிவெடுக்கும் அதிகாரி அங்கே இல்லை. கவரைப் பிரித்து, கையெழுத்து இருக்கிறதா, கட்டணம் சரியா, படிவம் நடப்புப் பதிப்பா என்று பார்த்து, சரியாக இருந்தால் ரசீது போட்டு உள்ளே அனுப்புவார்கள். இல்லையென்றால் கவரோடு திருப்பிவிடுவார்கள். எந்த லாக்பாக்ஸ் என்பது மனுதாரர் அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அண்ணனுக்கு அது நியூ ஜெர்சி. நீங்கள் பந்தலூரில் இருப்பதோ அம்மா இலங்கையில் பிறந்ததோ இதில் கணக்கே இல்லை. இன்னொன்று, பயனாளி ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருந்து கிரீன் கார்டு மனுவையும் கூடவே போடுகிறாரா, இல்லை ஐ-130 மட்டும் தனியாகப் போகிறதா என்பதற்கும் முகவரி மாறும். உங்களுடையது தனி ஐ-130. பலர் தவறவிடுவது இங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் மனைவிக்குப் போட்ட முகவரியை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அந்த மனைவி அங்கேயே இருந்து இரண்டு படிவத்தையும் சேர்த்துப் போட்டிருப்பார்.

ஒரே ஊருக்கு இரண்டு முகவரி இருப்பது பிழையல்ல. ஒன்று அமெரிக்க அரசுத் தபாலுக்கு: அது ஒரு பி.ஓ. பாக்ஸ் எண். மற்றது ஃபெட்எக்ஸ், யூ.பி.எஸ், டி.ஹெச்.எல் போன்ற கூரியர்களுக்கு: அது தெருப் பெயரோடு இருக்கும். கூரியர்காரரால் பி.ஓ. பாக்ஸில் போட முடியாது. முகவரியில் 'ஐ-130 கவனத்துக்கு' என்று ஒரு வரி இருக்கும். அழகுக்காக என்று நினைத்து அதை விட்டுவிடக் கூடாது. ஒரே கட்டடத்துக்குப் பல வகைப் படிவங்கள் வருகின்றன. முகவரியை யூ.எஸ்.சி.ஐ.எஸ் தளத்தில் ஐ-130-க்கென்று இருக்கும் பக்கத்திலிருந்து, கவர் அனுப்பும் அன்றைக்கு எடுக்க வேண்டும். இந்த மையங்கள் இடம் மாறுகின்றன. சிகாகோவில் இருந்தது எல்ஜினுக்குப் போய்விட்டது. இணையத்தில் பழைய சிகாகோ முகவரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் பதிப்புத் தேதியையும் அன்றே சரிபார்க்கட்டும்.

பணம் கட்டுவதிலும் மாற்றம் வந்திருக்கிறது. 28.10.2025-க்குப் பிறகு காசோலையும் மணி ஆர்டரும் வாங்குவதில்லை. கார்டில் கட்ட ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து கட்ட ஜி-1650 என்ற படிவத்தை மனுவோடு வைக்க வேண்டும். அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என இரண்டு மனு போகும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைக்கட்டும். முக்கியமாக, உள்ளே வைப்பதெல்லாம் நகல்தான். கேட்காத ஒரிஜினலை அனுப்பினால் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவே கூடாது. எல்லா ஒரிஜினலையும் அனுப்ப வேண்டும் என்ற ஏஜெண்டின் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தெரிகிறதல்லவா?

அம்மாவின் மனுவுக்கு முதல் கட்டத்தில் வேண்டியது மிகக் குறைவு: அண்ணனின் குடியுரிமைச் சான்று அல்லது அமெரிக்கப் பாஸ்போர்ட் நகல், அம்மாவின் பெயர் இருக்கும் அண்ணனின் பிறப்புச் சான்று. இவர்தான் அவரைப் பெற்ற தாய் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதனால் உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது அண்ணனின் பிறப்புச் சான்றுதான். 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருப்பது நம் மலைப்பகுதியில் அந்தக் காலப் பதிவுகளில் சாதாரணம். பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே பெயர் சேர்க்க மனு கொடுத்துப் பாருங்கள். சேர்க்க முடியாவிட்டாலும் அந்தப் பழைய சான்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தாமதப் பதிவுக்கு ஓடாதீர்கள். பிறந்தவுடன் பதிவான சான்று, பெயர் இல்லாமல் இருந்தாலும், அம்மா அப்பா பெயரும் தேதியும் இருந்தால், நாற்பத்தைந்து வருடம் கழித்துக் கூடலூர் கோட்டாட்சியர் உத்தரவில் வாங்கும் புதுச் சான்றைவிட அமெரிக்க அதிகாரியின் கண்ணில் எடை கூடியது. அதோடு பள்ளி மாற்றுச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி மதிப்பெண் பட்டியல், அம்மா பெயர் வரும் பழைய ரேஷன் கார்டு இவற்றைச் சேருங்கள். பதிவே இல்லாதவர்களுக்குத்தான் 'பதிவில் இல்லை' என்ற சான்றும், விவரம் தெரிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் தேவைப்படும்.

பெயர் எழுத்துகளையும் பாருங்கள். சிலோன் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருப்பது நம் வீடுகளில் வழக்கம். பாஸ்போர்ட்டில் இருப்பதே எல்லாப் படிவத்திலும் வரட்டும். மற்ற எழுத்து வகைகளை, வேறு பெயர்கள் என்று கேட்கும் கட்டத்தில் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

மனு அங்கீகாரம் ஆன பிறகுதான் போர்ட்ஸ்மத் வருகிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள அந்த ஊரில் தேசிய விசா மையம், என்.வி.சி, இருக்கிறது. யூ.எஸ்.சி.ஐ.எஸ் கோப்பை அங்கே தானே அனுப்பிவிடும். நீங்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. பெட்டி பெட்டியாக அங்கே காகிதம் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அண்ணனின் நண்பர் அப்போது வந்தவராக இருப்பார். இப்போது என்.வி.சி-யிலிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். அதில் பி.எம்.பி என்று தொடங்கும் வழக்கு எண்ணும், பணம் கட்ட ஒரு இன்வாய்ஸ் எண்ணும் இருக்கும். பி.எம்.பி என்றால் நேர்காணல் மும்பையில். அந்த எண்களைப் போட்டு சி.இ.ஏ.சி என்ற தளத்தில் நுழைந்து, விசா விண்ணப்பத்துக்கு 325 டாலரும் ஆதரவுப் பிரமாணத்துக்கு 120 டாலரும் கட்ட வேண்டும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும் என்பதால் இதுவும் அண்ணன் தலையில். பிறகு டி.எஸ்-260 என்ற விண்ணப்பத்தை அதே தளத்தில் நிரப்ப வேண்டும். அண்ணன் தன் வருமானத்தைக் காட்டும் ஆதரவுப் பிரமாணமான ஐ-864-ஐ ஏற்றுவார். அம்மாவின் ஆவணங்களும் ஸ்கேனாக ஏறும்: பிறப்புச் சான்று, திருமணத்துக்கான சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, போலீஸ் சான்றுகள்.

போலீஸ் சான்று என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 16 வயதுக்கு மேல் ஒரு நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் கேட்பார்கள். அம்மா இலங்கையை விட்டுக் கிளம்பியபோது 19 வயது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை என்பதால் அது ஒழிந்துபோகாது. இலங்கைப் போலீஸ் தலைமையகம் கொழும்பிலிருந்து தரும் சான்றுக்கு அம்மாவின் பழைய பயண ஆவணம், குடும்ப அட்டை, இப்போதைய பாஸ்போர்ட் எல்லாம் கைவசம் வேண்டும். பழைய பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடத் தொடங்குங்கள். இந்தியப் போலீஸ் சான்றுக்கு (பி.சி.சி) பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நீலகிரி கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆனால் இரண்டையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். மனு அங்கீகாரமாகி என்.வி.சி-க்கு வருவதற்குள் அவை பழையதாகிவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் அப்படித்தான்: நேர்காணல் தேதி வந்த பிறகு, அமெரிக்க அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும். சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அதற்காக மும்பையில் தங்க வேண்டாம்.

ஒரிஜினல்கள் வீட்டை விட்டு வெளியே போகும் ஒரே நாள் மும்பை நேர்காணல் நாள்தான். அன்றைக்கும் தபாலில் இல்லை, அம்மாவின் பையில். கோவையிலிருந்து குர்லாவுக்கு நேர் ரயில் இருக்கிறது; கான்சுலேட் இருக்கும் பாந்த்ரா-குர்லா வளாகம் அங்கிருந்து பக்கம்தான். விசா ஒட்டிய பாஸ்போர்ட் எங்கே திரும்ப வர வேண்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்வார்கள். தோட்டத்து லைன் வீட்டு முகவரியை யோசிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். ரேஞ்ச் எண்ணும் லைன் எண்ணும் நம் தபால்காரருக்குப் புரியும், கோவையிலிருந்து வரும் கூரியர் பையனுக்குப் புரியாது. நேரில் போய் வாங்கிக்கொள்ளும் மையத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் போக விருப்பமா என்று யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? 19 வயதில் யாரும் அவரைக் கேட்டுக் கப்பலேற்றவில்லை. கிரீன் கார்டு என்பது அங்கே வாழ்வதற்கானது. வருடத்துக்கு ஒரு மாதம் பேரனைப் பார்க்கப் போய்வர மட்டும் என்றால் அதற்குச் சுற்றுலா விசா இருக்கிறது.

இனி உங்கள் விஷயம். அம்மாவின் மனுவோடு உங்களைச் சேர்க்க முடியாது. அந்த வகையில் கூட வருபவர் என்ற ஏற்பாடே கிடையாது. அம்மா அங்கே போய் உங்களுக்குப் போடலாமே என்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவர் திருமணமான மகளுக்கு மனு போட முடியாது. அண்ணன் சகோதரிக்கு என்று தனி ஐ-130 போட வேண்டும். இருவரின் பிறப்புச் சான்றிலும் பொதுவான பெற்றோர் பெயர் இருந்தால் உறவு நிரூபணமாகிவிடும். இது எஃப்-4 என்ற வகை, வரிசை நீளம். 2025 இறுதியில் இந்தியாவில் பிறந்தவர்களில் 2006-ல் மனு போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. இந்தியா தவிர்த்த பெரும்பாலான நாடுகளுக்கு அது 2008-ல் நின்றது. வரிசையை முடிவு செய்வது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. நீங்கள் இந்தியாவில் பிறந்தவர். ஆனால் உங்கள் கணவர் இலங்கையில் பிறந்தவராக இருந்தால், அவர் பிறந்த நாட்டின் வரிசையில் குடும்பமே நிற்கச் சட்டம் இடம் தருகிறது. தாயகம் திரும்பிய குடும்பங்களில் இது அடிக்கடி பொருந்தும். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. அவர் எங்கே பிறந்தவர் என்று எனக்கு எழுதுங்கள்.

இந்த வகையில்தான் முகவரிப் பிழை உண்மையில் வலிக்கும். அம்மாவின் கவர் திரும்பி வந்தால் சில வாரம் வீண். உங்கள் கவர் திரும்பி வந்தால் வரிசையில் உங்கள் இடம் பின்னால் போகும். மனு முறைப்படி ஏற்கப்பட்ட தேதிதான் உங்கள் முன்னுரிமைத் தேதி. திருப்பி அனுப்பப்பட்ட கவருக்குத் தேதி கிடையாது. அதனால் இந்த மனுவையாவது கட்டாயம் இணையத்தில் போடச் சொல்லுங்கள். அம்மாவுடையது முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இரண்டையும் ஒரே வாரத்தில் போடலாம்.

மகளைப் பற்றிய கவலை நியாயமானதுதான். முறை வரும்போது 21 வயதைத் தாண்டிய பிள்ளை உங்களோடு வர முடியாது. 2002-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை அவள் வயதிலிருந்து கழிப்பார்கள். யூ.எஸ்.சி.ஐ.எஸ் உங்கள் மனுவை உடனே அங்கீகரிக்காமல் சில வருடம் போட்டு வைத்தால் எரிச்சல் படாதீர்கள், அந்தத் தாமதம் அவளுக்கு நல்லது. ஆனாலும் இன்றைய வரிசை நீளத்தில் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது போதும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அவள் படிப்பை இங்கேயே திட்டமிடுங்கள்.

அங்கீகாரமான எஃப்-4 கோப்பு என்.வி.சி-யில் வருடக்கணக்கில் தூங்கும். அதற்குள் அண்ணன் வீடு மாறுவார், வேலை மாறுவார், மின்னஞ்சல் மாறும். நீங்களும் டேன்டீ வேலை முடிந்தால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டி வரலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் என்.வி.சி-யின் இணையப் படிவத்தில் வழக்கு எண்ணோடு தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசாவுக்கு முறை வந்துவிட்டது என்று அவர்கள் அறிவித்து ஒரு வருடத்துக்குள் பதில் இல்லையென்றால் பதிவையே ரத்து செய்யலாம். அலுவலகக் கணினி மின்னஞ்சலைக் கொடுக்காமல், இந்த வேலைக்கென்றே ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை அண்ணனும் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஸ்பீட் போஸ்டா கூரியரா? அண்ணன் இணையத்தில் போட்டால் இரண்டும் வேண்டாம். கூடலூரிலோ பந்தலூரிலோ நல்ல ஜெராக்ஸ் கடையில் கலரில், இரண்டு பக்கமும், ஓரம் வெட்டுப்படாமல் ஸ்கேன் செய்து பி.டி.எஃப்-ஆக வாங்குங்கள். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில். சான்றை லேமினேட் செய்யாதீர்கள். நம் பக்கத்து ஆடி மழை ஈரத்தில் லேமினேஷனுக்குள் பூஞ்சை பிடித்தால் எடுக்கவே முடியாது, ஸ்கேனிலும் வெளிச்சம் அடிக்கும். வெயிலில் உலர்த்தி, பிளாஸ்டிக் ஃபோல்டரில் தனித்தனியாக வையுங்கள்.

அண்ணன் காகிதத்தில்தான் போடப் போகிறார், நகல்களைக் கையில் கேட்கிறார் என்றால் தபால் நிலையத்தின் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் போதும். அமெரிக்காவின் சுங்க விதி மாற்றத்தால் 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியத் தபால் துறை அங்கே அனுப்புவதை நிறுத்தி வைத்திருந்தது; அக்டோபர் 15 முதல் மறுபடி வாங்குகிறார்கள். தேதி நெருக்கடி இல்லாத நகலுக்குத் தனியார் கூரியருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெறுநர் இடத்தில் அண்ணனின் பெயரும் வீட்டு முகவரியும் அலைபேசி எண்ணும் எழுதுங்கள். லாக்பாக்ஸ் முகவரியை நீங்கள் எழுதவே வேண்டாம். கவுண்டரில் பொருள் விவரம் கேட்டால் 'ஆவண நகல்கள்' என்று சொல்லி, ரசீதில் இருக்கும் எண்ணை அன்றைக்கே அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள்.

அண்ணனுக்கு அங்கே முன்பு விவாகரத்து, கைது, பழைய விசா மறுப்பு என்று ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மட்டும் வைத்து மனு போட வேண்டாம். நான் குன்னூரில் தொழில் செய்யும் வழக்கறிஞர். அமெரிக்கச் சட்டத்தில் ஆலோசனை சொல்லும் உரிமம் அங்கத்திய வழக்கறிஞர்களுக்கும், அவர்கள் அரசு அங்கீகரித்த பிரதிநிதிகளுக்கும்தான் உண்டு. அப்படி ஒருவரை அவர் நியூ ஜெர்சியிலேயே பார்த்துக்கொள்ளட்டும். பெயர் சேர்ப்பு மனு, பிரமாணப் பத்திரம், மொழிபெயர்ப்பு இவற்றில் சந்தேகம் என்றால் எனக்கு எழுதுங்கள்.